'வீங்கலாம்' என்று சொன்ன மிஸ்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், கண்டக்குழியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கருவாட்டு வாடியில்தான் இது ஆரம்பித்தது. வாடி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு கம்பு, மேலே கிடுகு, மீனை உப்பில் ஊற வைக்க இரண்டு தொட்டி, வெளியே காயப்போட ஒரு பந்தல், அவ்வளவுதான். என் கணவர் கடலுக்குப் போகிறவர். விலை போகாத மீனை நான் வெட்டி, உப்பிட்டு, காய வைத்து விற்பேன். அன்று கெளுத்தி வெட்டிக்கொண்டிருந்தேன். கெளுத்தியின் முள் எப்படிப்பட்டது என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்து வருடமாக வெட்டுகிறவள் என்ற திமிரில், பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டே வெட்டினேன். முள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கையைக் கழுவிக் கட்டுப்போட்டார்கள். ஏற்பு வலி என்கிற டெட்டனஸ் வராமல் இருக்கப் போடும் ஊசியைக் கடைசியாக எப்போது போட்டீர்கள், அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கும் கடுதாசிக்கும் ராசியே இல்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களெல்லாம் வெளியேற்றப்பட்டு வந்தபோது என் உம்மா இரண்டு வயதுப் பிள்ளையான என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார், என் அட்டையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. என் பிள்ளைகள் இருவரும் வயிற்றில் இருந்தபோது எனக்குப் போட்ட ஊசிகளின் அட்டைகளை, மகள் பிறந்த வருடம் வந்த வெள்ளம் கொண்டுபோனது. அட்டை இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மொத்தம் மூன்று ஊசி என்றார்கள். அன்றைக்கு ஒன்று, ஆறு கிழமையில், அதாவது ஒன்றரை மாதத்தில், இன்னொன்று, அதற்குப் பிறகு ஆறு மாதம் கழித்துக் கடைசி. முதல் ஊசியைத் தோளுக்குக் கீழே போட்டு அனுப்பினார்கள்.

முதல் நாள் ஒன்றுமில்லை, ஊசி போட்ட இடம் கொஞ்சம் நொந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் அரிப்புத் தொடங்கியது. சொறியச் சொறிய இன்னும் சொறியத் தோன்றும் அரிப்பு. மூன்றாம் நாள் காலை எழும்பிப் பார்க்கிறேன், மேல்கை முழுவதும் சிவந்து, வீங்கி, சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பி, நீர் கசிகிறது. உள்ளங்கையில் முள் ஏறிய காயமோ தன்பாட்டில் அழகாக ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் யாருடைய தோலில் என்ன வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். என் கணவரும் அதையே கேட்டார்.

“என்னத்த திண்ட?”

கிரந்தி என்று சொல்வோம். சூரை, இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், இவையெல்லாம் கிரந்திச் சாப்பாடு. உடம்பில் அரித்தால் இதில் ஏதோ ஒன்றைத் தின்றிருக்க வேண்டும், தின்னவில்லை என்று சத்தியம் செய்தாலும் தின்றிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒருமுறை என் கண் இமைகள் இரண்டும் சிவந்து வீங்கித் தோலுரிந்தன. நண்டு தின்றதால்தான் என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். நானும் நம்பி அன்றோடு நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றையும் விட்டேன். களப்பில் நண்டு பிடிக்கிற ஊரில், என் கையாலேயே நண்டுக் கறி ஆக்கி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பருப்போடு சோறு தின்கிறவள் நான். அப்படிப்பட்டவளிடம் போய் என்னத்தைத் தின்றாய் என்று கேட்டால் எப்படி இருக்கும்?

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே அன்று நீள வரிசை. கையைப் பார்த்தவர் ஒரு பூச்சு மருந்தும் அரிப்புக்கு மாத்திரையும் எழுதித் தந்து, ஒவ்வாத ஏதாவது சாப்பிட்டிருப்பீர்கள் என்றார். ஊசி போட்ட இடத்தைச் சுற்றித்தானே வந்திருக்கிறது என்று கேட்டேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து நான் செய்த காரியத்தைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. மகளின் பாலர் பாடசாலைத் தாய்மாருக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. எங்கள் ஊர், பக்கத்து ஊர் என்று அறுபது எழுபது பேர் இருப்பார்கள். என் கையைப் படம் எடுத்துப் போட்டேன். கீழே ஒரு வொய்ஸ். என் குரல் கொஞ்சம் கணீரென்று இருக்கும், பேச்சும் நன்றாக வரும். ஊசியில் என்ன கண்டறியாத சாமானைக் கலந்திருக்கிறார்களோ, கேட்டால் நண்டு தின்றாய் என்கிறார்கள், என் கைக்கே இப்படி என்றால் பிஞ்சுப் பிள்ளைகளின் உடம்புக்கு என்ன ஆகும், யோசித்துப் போடுங்கள் என்று இரண்டு நிமிடம் பேசினேன். பேசி முடித்ததும் மனசு இலேசானது. கருவாட்டைப் புரட்டிப்போடப் போய்விட்டேன்.

பின்னேரம் போனை எடுத்தால், என் வொய்ஸ் வேறு குழுக்களுக்கெல்லாம் போய், நுரைச்சோலையில் இருக்கும் என் சிறிய தாயார் எனக்கே அதை அனுப்பி, "இது உன் குரல் மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தார். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. பெருமைதான் வந்தது.

அடுத்த புதன்கிழமை எங்கள் ஊர்க் கிளினிக். பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள். என் கணவரின் தங்கை எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அவருடைய மகனுக்கு அந்தக் கிழமைதான் இரண்டு மாதம் முடிந்திருந்தது. ஐந்து வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. இரண்டாம் மாத ஊசிக்குத் துணிமணியெல்லாம் எடுத்து வைத்திருந்தவர், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவில்லை.

“ஒங்கட கையப் பாத்த பொறவு எப்பிடி மதினி என்ட புள்ளக்கிப் போடுவன்?” என்றார்.

அன்று கிளினிக்குக்கு வழமையாக வருவதில் பாதிப்பேர்கூட வரவில்லை என்று பின்னேரம் கேள்விப்பட்டேன். அன்றிரவு என் வொய்ஸை நானே திரும்பப் போட்டுக் கேட்டேன். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கிற ஆள் நான் இல்லை.

மறுநாள் காலை ஒரு ஸ்கூட்டி வந்து வாசலில் நின்றது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல மருத்துவமாது. நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். உடப்பு ஊர்ப் பிள்ளை, இருபத்தாறு வயது இருக்கும், ஒல்லி, அதிகம் சிரிக்கவும் மாட்டார். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கல்யாணமே ஆகாத இந்தப் பிள்ளையா எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தரப்போகிறது என்று வாடியில் இருந்து நக்கலடித்தவர்களில் முதல் ஆள் நான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டிய பதில்களையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு போய் நின்றேன்.

அவர் கதிரையில்கூட உட்காரவில்லை. கையைக் காட்டச் சொன்னார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன தின்றாய் என்று கேட்கவில்லை. எத்தனையாம் நாள் அரிப்புத் தொடங்கியது, கொப்புளம் எப்போது வந்தது, மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கொப்பியில் எழுதினார். பிறகு தன் நீலப் பேனையால் அந்தச் சிவப்பைச் சுற்றி, நோகாமல், ஒரு கோடு போட்டார். இது கோட்டைத் தாண்டினால் உடனே எனக்கு அழையுங்கள் என்றார். கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

“ஊசியாலதான் வந்திருக்கும் போல கிடக்கு, அக்கா.”

நான் வரிசைப்படுத்தி வைத்திருந்த பதில்கள் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போனது. அப்படியென்றால் அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“எனக்கு முழுசாத் தெரியாது. டொக்டரிட்டக் கேட்டுச் சொல்றன்.”

தெரியாது! அரசாங்க உடுப்புப் போட்ட ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. ஊசியால் இப்படி வந்தால் மேலிடத்துக்கு எழுதி அனுப்ப ஒரு படிவம் இருக்கிறதாம். அதை அங்கேயே நிரப்பினார். தன் துறை போட்ட ஊசியால் வந்த கோளாறைத் தானே எழுதிக் கையெழுத்து வைத்தார். போகும்போது ஸ்கூட்டியில் ஏறியவர் திரும்பி, உங்கள் வொய்ஸ் எனக்கும் வந்தது என்றார். நான் தலையைக் குனிந்தேன்.

“கையப் பற்றிச் சொன்னது உண்மை அக்கா. குழந்தையளப் பற்றிச் சொன்னது உண்மையில்ல. இரண்டையும் சேத்துச் சொல்லிட்டீங்க.”

அவ்வளவுதான். திட்டவில்லை, திருப்பிப் பேசுங்கள் என்று கெஞ்சவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார், இந்த முறை டொக்டர் கேட்கச் சொன்ன கேள்விகளோடு. இதற்கு முன் உடம்பில் வேறெங்காவது இப்படி வந்ததா, பூசிய மருந்தோ கண்ணுக்கு விட்ட மருந்தோ ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்றார். நான் நண்டுக் கதையைச் சொன்னேன். இமை வீங்கிய நேரத்தில் கண்ணுக்கு மருந்து ஏதும் விட்டீர்களா என்றார். விட்டேன்தான், கண் நோய் வந்து ஒரு கிழமை விட்டேன். வெள்ளத்தில் அட்டைகளைப் பறிகொடுத்த பிறகு எனக்கு ஒரு பழக்கம், எந்த மருந்துப் பெட்டியையும் எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவேன். என் கணவர் அதை என் பார்மசி என்று கேலி செய்வார். மிஸ் அந்த டின்னைத் தரையில் கொட்டி, கண் மருந்துப் பெட்டியைத் தேடி எடுத்து, எறும்பு மாதிரி இருந்த எழுத்துகளைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் ஒரு பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். இதுவாக இருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்றார்.

டொக்டரிடம் கடிதம் வாங்கி, கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு யார் யாருக்கோ போன் செய்து நாளெடுத்துத் தந்தவரும் அவர்தான். எனக்குச் சிங்களம் சந்தையில் மீன் விற்கிற அளவுக்குத்தான் வரும். அதனால் தன் லீவு நாளில் என்னோடு விடிய எழும்பி பஸ் ஏறி வந்தார். கண்டக்குழியிலிருந்து கொழும்புக்குப் போவது என்றால் ஒரு நாளைத் தொலைப்பது. வழியெல்லாம் அவர் தூங்கி விழுந்துகொண்டே வந்தார், நான் அந்தப் பிள்ளையின் தலை கண்ணாடியில் முட்டாமல் என் கைப்பையைத் தலையணையாக வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தோல் டொக்டர் என் முதுகில் சின்னச் சின்னச் சதுரங்களாக மருந்து வைத்து ஒட்டினார். ஒவ்வொரு சதுரத்திலும் ஒவ்வொரு சாமான். திங்கட்கிழமை ஒட்டி, புதன் கழற்றி, வெள்ளிக்கிழமை கடைசியாகப் பார்த்தார்கள். அத்தனை நாளும் முதுகில் தண்ணீர் படக் கூடாது. வேர்வையில் ஊறி, உறவுக்காரர் வீட்டு மின்விசிறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு சதுரம் மட்டும் சிவந்து தடித்துக் கொப்பளித்திருந்தது. மிஸ் கொப்பியில் எழுதி வைத்திருந்த அதே பெயர்.

அது என்ன என்று எனக்கு விளங்க வைத்ததும் மிஸ்தான். நான் ஊருக்கு வந்த அன்று பின்னேரம் வாடிக்கே வந்தார். நான் அப்போது மீனுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

“சில மருந்துப் போத்தல் ஒண்டில இருந்து பத்துப் பேருக்கு எடுக்கிறம். ஊசி உள்ள போய்ப் போய் வரேக்க கிருமி விழுந்து பழுதாகாம இருக்க ஒரு சாமான் துளியளவு போடுவாங்க. நீங்க மீனுக்கு உப்புப் போடுறமாதிரித்தான். அந்த உப்பு உங்கட தோலுக்கு ஒத்துக்கொள்ளேல்ல.”

கண் மருந்திலும் அதே 'உப்பு' இருந்திருக்கிறது. முதலில் கண் மருந்தால் தோல் அதைப் பழகி வெறுத்திருக்கலாம், பிறகு ஊசியில் திரும்ப வந்தபோது சண்டை பிடித்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். இது தோலோடு நிற்கிற கோளாறு, உயிருக்கு ஆபத்தான வகை இல்லை. இந்தச் சாமான் தோலுக்கு ஒவ்வாதவர்களில்கூட அனேகம் பேருக்கு ஊசி போட்டால் ஒன்றும் ஆவதில்லை, என்னைப் போல் சிலருக்குத்தான் கை இப்படிக் கோபித்துக்கொள்கிறது. என் தோலின் இந்தக் கோளாறுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சம்பந்தமே இல்லை. நண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சேர்த்துச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு வருடம்! அன்று அந்த மனுஷனிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இனி இரண்டாவது ஊசி. டொக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். அந்தச் சாமான் இல்லாத, ஒருவருக்கு மட்டுமான ஊசியைக் கொழும்பில் தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால் வழமையான ஊசியையே தசைக்குள் ஆழமாகப் போடலாம், தோல் திரும்பவும் சிவக்கலாம், பூச்சு மருந்தோடு அடங்கிவிடும். முதல் வழிதான் எனக்கு நல்லது என்று மிஸ் சொன்னார். தேடி எடுத்துத் தரவும் தயாராக இருந்தார்.

நானும் சரி என்றுதான் சொல்லவிருந்தேன். அந்த நேரம் கணவரின் தங்கை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பிள்ளைக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது, ஊசி இன்னும் போடவில்லை. பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்குக் கக்குவானாம் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருந்த காலம். அது உண்மையோ பொய்யோ, பிள்ளை ஒருமுறை இருமினாலும் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். மிஸ் அவரிடம் எத்தனையோ தரம் விளக்கிவிட்டார். அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“நீங்க அதே ஊசியப் போடுங்க மதினி. அப்ப நானும் போடுறன்.”

எனக்கென்று கொழும்பிலிருந்து தனி ஊசி வந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பாத்தீங்களா, அவளுக்கு மட்டும் நல்லது, எங்கட பிள்ளைகளுக்கு இது என்று இன்னொரு வொய்ஸ் போகும், இந்த முறை வேறு யாருடைய குரலிலோ. என் வாயால் கட்டின முடிச்சை என் கையால்தான் அவிழ்க்க வேண்டும். அதே ஊசியைப் போடுகிறேன், கிளினிக் நாளில் எல்லோருக்கும் முன்னால் போடுகிறேன் என்றேன். மிஸ் உடனே சம்மதிக்கவில்லை. ஊருக்காக நீங்கள் கஷ்டப்பட வேண்டியதில்லை, இரண்டு நாள் யோசியுங்கள் என்று போனார். டொக்டரிடமும் கேட்டு வந்த பிறகுதான் தலையாட்டினார்.

அந்தப் புதன்கிழமை கிளினிக்கில் கூட்டம். ஊசி போட வந்த கூட்டமில்லை, எனக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வந்த கூட்டம். பிள்ளைகளோடு வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். கணவரின் தங்கை கடைசி வாங்கில், பிள்ளையை இறுக்கி அணைத்தபடி இருந்தார். நான் கதிரையில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று, என் கணீர்க் குரலில் கேட்டேன்.

“மிஸ், இந்தத் தரமும் கை வீங்குமா?”

நான் அதைக் கேட்டது அவருக்கு உதவி செய்யத்தான். இல்லை அக்கா, ஒன்றும் ஆகாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். கூட்டம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தது. பாதிப்பேர் அந்த நிமிடமே பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்திருப்பார்கள். அவருக்கும் அது தெரியும். ஒரு மாதமாக வீடு வீடாக அலைந்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்களிடமெல்லாம் பேசிக் களைத்த பிள்ளை அவர்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு நின்றவர்களைப் பார்த்தார்.

“வீங்கலாம்” என்றார். “சிவந்து அரிக்கலாம். இவங்கட தோல் அப்பிடி. அஞ்சாறு நாளில அடங்கும். நான் ஒவ்வொரு நாளும் வந்து பாப்பன்.”

முன்வரிசையில் இருந்த இரண்டு தாய்மார் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். மிஸ் அவர்களைத் தடுக்கவில்லை. முகம் மட்டும் ஒரு கணம் வாடியது. எனக்கு அவர் மீது கோபமே வந்தது. பிழைக்கத் தெரியாத பிள்ளை, ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன குடியா முழுகிப்போகும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கையை நீட்டினேன். ஆழமாகப் போட்டார். அரை மணி நேரம் போகவிடாமல் கண் முன்னாலேயே இருத்தி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அன்று ஊசி போட வந்திருந்த பிள்ளைகள் நாலோ ஐந்தோதான். கணவரின் தங்கை பிள்ளைக்கு ஊசி போடாமலே அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் பின்னேரம், சொல்லிவைத்த மாதிரி, அரிப்புத் தொடங்கியது.

ஸ்கூட்டி வந்தது. நீலப் பேனையால் சுற்றி ஒரு கோடு. மறுநாள் சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, இன்னொரு கோடு. அரிப்புத் தொடங்கி மூன்றாம் நாள் வந்து பார்த்தார், அதே கோட்டில் நின்றது. நாலாம் நாள் உள்ளே சுருங்கியிருந்தது, கொப்புளம் ஒன்றிரண்டுதான். இந்த நாலு நாளும் எங்கள் வாசலில் ஊரே வந்து எட்டிப் பார்த்தது. என் கை பெண்களுக்கு ஒரு நாடகத் தொடராகிவிட்டது, இன்றைக்கு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் கோட்டோடு படம் எடுத்து அதே குழுவில் போட்டேன். சிவந்த அன்று சிவந்ததைப் போட்டேன், சுருங்கிய அன்று சுருங்கியதைப் போட்டேன். ஐந்தாம் நாள் ஒரு வொய்ஸும் அனுப்பினேன். என் கையைப் பற்றிச் சொன்னது உண்மை, உங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது தெரியாமல் பேசிய பேச்சு, மன்னியுங்கள் என்றேன். முதல் வொய்ஸ் இரண்டு நிமிடம். இது இருபது விநாடிகூட வராது. ஆனால் இதைப் பேச நான் ஒரு முழுக் காலையும் வாடியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

ஆறாம் நாள் கணவரின் தங்கை வந்தார். என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். தோல் கொஞ்சம் கறுத்து உரிந்திருந்தது, அவ்வளவுதான்.

“அந்த மிஸ் சென்ன மாதிரியே வந்திச்சி, சென்ன மாதிரியே போயிட்டு” என்றார். “ஒண்டும் வராதெண்டு செல்லி, பொறவு வந்திருந்தா, நான் செத்தாலும் புள்ளயக் கொண்டுபோயிருக்க மாட்டன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளினிக்கில் நான் பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று திட்டினேனே, அந்தப் பிள்ளை இரண்டு தாய்மாரை இழந்தாலும் பரவாயில்லை என்று நின்ற அந்த ஒரு நிமிடத்தால்தான் ஊர் அவரை நம்பியது. அவர் அன்று எனக்கு ஆறுதலாகப் பொய் சொல்லியிருந்தால், இரண்டாம் நாள் என் கை அதைப் பொய்யாக்கியிருக்கும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் எந்த உண்மையும் எங்கள் ஊருக்குள் நுழைந்திருக்காது.

அடுத்த கிளினிக்கில் கணவரின் தங்கைதான் முதல் ஆள். பிள்ளையை மடியில் வைத்தபடி, இவனுக்கு என்ன வரும் மிஸ் என்று கேட்டார். இரவு காய்ச்சல் வரலாம், தொடை கொஞ்சம் தடிக்கலாம், அழுவான் என்று மிஸ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், காய்ச்சலுக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்றும் சொன்னார். கணவரின் தங்கை கேட்டுக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொடுத்தார். பிள்ளை ஊரே கேட்கக் கத்தினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் வெளியே போய் நின்றேன். எழுந்து போன அந்த இரண்டு தாய்மாரும் அங்கே வரிசையில் நின்றார்கள்.

மூன்றாவது ஊசியையும் பிறகு போட்டுக்கொண்டேன். அதற்கும் கொஞ்சம் சிவந்தது, எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மிஸ்ஸுக்குப் போன வருடம் இடமாற்றம் வந்தது. போகிற அன்று ஊர்ப் பெண்கள் ஸ்கூட்டியைச் சுற்றி நின்றுகொண்டு விடவே இல்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து என் மகளுக்கு ஐந்து வயது ஊசி. பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான், நோகாது மகள், எறும்பு கடிக்கிற மாதிரிக்கூட இருக்காது என்று. மூத்தவனுக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன், அவன் ஒவ்வொரு முறையும் நோவை விட என் மீதுள்ள கோபத்தில்தான் அதிகம் அழுவான். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, நோகுமா உம்மா என்று கேட்டாள். எனக்குப் பழைய பதில் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, “நோகும் மகள், கொஞ்ச நேரம் நோகும், உம்மா பக்கத்திலேயே இரிக்கிறன்” என்றேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள், தானாகவே கையை நீட்டினாள், கண் நிறையத் தண்ணீரோடு ஆனால் சத்தம் போடாமல் இருந்தாள். பெற்ற பிள்ளையிடம் உண்மை பேசும் தைரியம் எனக்கு வர முப்பத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது, தான் பெறாத ஊர்ப் பிள்ளைகளுக்காக அந்த உடப்புப் பிள்ளை அதை இருபத்தாறு வயதிலேயே பேசிவிட்டுப் போயிருந்தாள்.